எண்ணெய் ஏடும் தமிழ்ச் சொல்லும்

“குறளும் சிலம்பும் தமிழில் நடக்கட்டும், ஐயா. பட்டறை தமிழில் நடக்குமா? உருளும் இரண்டு எஃகுப் பரப்புகளுக்கு நடுவே எண்ணெய் என்ன செய்கிறது என்பதை ஆங்கிலம் கலவாமல் சொல்லிக் காட்டுங்கள், பார்ப்போம்!”

பொறியியல் கற்ற அன்பர் ஒருவர் திருமணப் பந்தியொன்றில் என்னை இங்ஙனம் மடக்கினார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். நகைத்தவருள் தமிழாசிரியர் இருவரும் இருந்தனர் என்பதே என் நெஞ்சை உறுத்திற்று. இலையின் முன் அமர்ந்தபடி சொல்லி முடிக்கத்தக்க விடையன்று அது. ஆகலின் ஈண்டு எழுதுகின்றேன். தமிழ்ப்புலவனுக்கு எண்ணெயோடும் எஃகோடும் என்ன தொடர்பு என வினவுவார், இறுதிவரை பொறுத்துப் படித்தபின் தம் முடிவைச் சொல்க.

ஒரு கிழமைக் கூலி

என்னிடம் பத்தாம் வகுப்புவரை தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், தொழிற்பயிற்சி முடித்து, நீரேற்றுப் பொறிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் வேலைக்கு அமர்ந்தான். ஒருநாள் வாடிய முகத்தோடு என் வீட்டிற்கு வந்தான். மின்னோடி ஒன்றின் உருள்தாங்கியை அவன் கழற்றித் தூய்மை செய்து மீண்டும் பூட்டியிருக்கின்றான். உருள்தாங்கி என்பது பட்டறையார் ‘பேரிங்கு’ என்பது. உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, இடையில் உருளும் எஃகுக் குண்டுகள். அவ்வளவே அதன் அமைப்பு. மசகு மிகுந்தால் நல்லது என்று எண்ணி, உள்ளே இருந்த இடமெல்லாம் மசகை அடைத்துவிட்டான். பொறி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் தாங்கி கொதித்தது, மசகு உருகி வழிந்தது, தாங்கி கெட்டது. அதன் விலையை அவன் கூலியிற் பிடித்துக்கொண்டனர். ஒரு கிழமைக் கூலி போயிற்று.

“ஏன் கொதித்தது?” என்றேன்.

“தெரியவில்லை, ஐயா. பொறியோடு வந்த குறிப்பில் எழுதியிருக்கிறதாம். அது ஆங்கிலத்தில் இருக்கிறது” என்றான்.

அக் குறிப்பைக் கொண்டுவரச் செய்து படித்தேன். தாங்கியின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே மசகு வைத்தல் வேண்டும் என்று ஒரே வரியில் இருந்தது. அவ் வரி தமிழில் இருந்திருப்பின் அக் கூலி அவன் வீட்டு உலையில் அரிசியாய் விழுந்திருக்கும்.

பயிற்சிக் கூடத்தில் இதனைக் கற்பிக்கவில்லையா என்று வினவினேன். ‘லூப்ரிகேசன்’ என்னும் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ததாகச் சொன்னான். அச் சொல் அவனுக்கு ஓர் ஒலி, அவ்வளவே. அதன் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை அது அவனுக்குக் காட்டவில்லை. அந்த மாலை முழுதும் நானும் அவனும் அமர்ந்து அதனைத் தமிழிற் கற்றோம். அன்று கற்றதும் அதன்பின் தேடிக் கற்றதுமே இனி வருவன.

வண்டி மசகு முதல் எண்ணெய் ஆப்பு வரை

நம் நாட்டு உழவன் ‘உயவு’ என்னும் கலைச்சொல்லை அறியானாயினும் உயவிடுதலை அறிவான். வைக்கோலைக் கரித்து, ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, மசகு செய்வான். கடையாணியைப் பிடுங்கி உருளியை ஒதுக்கி, குடம் சுழலும் அச்சில் அதனைத் தடவுவான். மசகில்லா வண்டி கதறும்; அச்சுத் தேயும். உப்பு வணிகராகிய உமணர் வழியில் அச்சு முறியுமென்று அஞ்சி, வேறோர் அச்சை வண்டியின் கீழ்க் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்று 102ஆம் பாட்டிற் காண்கின்றோம்.

மசகு செய்யும் வேலை யாது? எஃகை எத்துணை மழமழப்பாக இழைத்தாலும் நுண்ணோக்கியில் அது மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இரண்டு பரப்புகள் உரசுங்கால் ஒன்றன் மேடு மற்றொன்றன் மேட்டில் ஒட்டிக்கொண்டு பிய்கின்றது. அதனால் உராய்வும் தேய்வும் வெப்பமும் விளைகின்றன. நடுவே எண்ணெய் ஓர் ஏடாக நின்றுவிட்டால் மாழை மாழையைத் தீண்டாது. எண்ணெயின்மேல் எண்ணெய் வழுக்கும். நூலோர் இதனை எண்ணெய்ப் படலம் என்பர். யான் ஏடு என்கின்றேன். காய்ந்த பாலின்மேல் படர்வதைப் பாலேடு என்று சொல்லாத தமிழ்ப்பெண் இல்லை. அடுக்களையில் உள்ள சொல் பட்டறைக்கு ஆகாதா?

இவ் ஏடு எங்ஙனம் சுமையைத் தாங்குகின்றது என்பதை அறிவியலார் நெடுங்காலம் அறிந்திலர். 1883இல் இங்கிலாந்துப் பொறியாளர் பீச்சம் தவர், புகைவண்டி அச்சுத் தாங்கிகளை ஆய்ந்தார். எண்ணெய் ஊற்றுதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். பொறி ஓடியபோது எண்ணெய் அத் துளை வழியே உள்ளே செல்லாமல் வெளியே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை எழும்பிற்று. மரமுளையை அறைந்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், மேலிருந்து அமுக்கும் சுமை முழுவதையும் எண்ணெயே தன் அழுத்தத்தால் சுமந்து நிற்பது புலனாயிற்று.

1886இல் மான்செசுட்டர்ப் பேராசிரியர் ஆசுபர்ன் இரெனால்ட்சு இதற்குக் கணக்கால் விளக்கந் தந்தார். சுழலும் தண்டு எண்ணெயை இழுத்துக்கொண்டு செல்கின்றது. தண்டிற்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட வெளி போகப்போகக் குறுகுகின்றது. குறுகிய இடத்தினுள் எண்ணெய் ஆப்புப்போல் இறங்குகின்றது. மரத்தில் இறங்கும் ஆப்பு மரத்தைப் பிளப்பதுபோல், எண்ணெய் ஆப்புத் தண்டைத் தூக்கி நிறுத்துகின்றது. ஈண்டு ஒன்றை உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும். இவ் ஏட்டைப் பெற்றெடுப்பது ஓட்டம். நின்ற பொறியில் இவ் ஏடு நிலைப்பதில்லை. எண்ணெய் பிதுங்கி விலக, மாழைமேல் மாழை அமர்ந்துவிடும்.

குண்டின் புதிர்

உரசுவதினும் உருள்வது எளிது என்பதைக் கற்றூணைக் கட்டைமேல் உருட்டிச் சென்ற பழங்காலத்தாரும் அறிவர். 1794இல் வேல்சு நாட்டுப் பிலிப்பு வான் என்பார், வண்டி அச்சிற்குக் குண்டுத்தாங்கி அமைத்து உரிமை பெற்றார். 1883இல் செருமனியின் சுவைன்பர்ட்டு நகரில் பிரீட்ரிக்கு பிசர் என்பார், எஃகுக் குண்டுகளைப் பெருந்தொகையில் ஒரே அளவாய் உருட்டித் தேய்க்கும் பொறியைப் படைத்தார். அதன்பின் மிதிவண்டி உலகெங்கும் உருண்டோடிற்று. நம் சிற்றூர்ச் சிறுவர் ‘பால்ரசுக் குண்டு’ என்று சொல்லி ஆடுவது இக் குண்டையே. நல்ல குண்டுத்தாங்கி ஒன்று 100 கிலோ எடையைச் சுமந்தால், அதன் உராய்வு ஏறத்தாழ 150 கிராம் எடையின் அளவே.

ஆயின், புதிர் இங்கேதான். வண்டிக் குடத்தில் அச்சு அகன்ற பரப்பில் அமர்ந்துள்ளது, சுமை பரவுகின்றது. குண்டோ வளையத்தை ஒரு புள்ளியிலன்றோ தொடுகின்றது? அத்துணைச் சுமையும் அப் புள்ளியில் இறங்கினால் எண்ணெய் அங்கு எப்படி நிற்கும்?

அலைவெண் அலகிற்குத் தம் பெயரைத் தந்த செருமானியராகிய எர்ட்சு, இதற்குரிய முதற்கணக்கை 1881இல் போட்டார். அப்போது அவர் 24 அகவை நிரம்பாத இளைஞர். ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்கிய கண்ணாடி வில்லைகளைக் கண்டு எழுந்த எண்ணம் அது. தொடும் இடம் புள்ளியன்று. இரு பொருளும் சுமையால் மிகச் சிறிது அமுங்கி, மிகச் சிறிய தட்டையான பரப்பொன்றை உண்டாக்குகின்றன. சுமை நீங்கியதும் பழைய வடிவிற்கு மீள்கின்றன. எஃகுக்கும் மீள்மை உண்டு என்க. எனினும் அப் பரப்பு மிகச் சிறிதாகலின் அழுத்தம் மிகப் பெரிது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கட்டத்தின்மேல் 100 கிலோ, 200 கிலோ எடையை ஏற்றிவைத்தாற் போன்றது அது. நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 10,000 மடங்கும் அதற்கு மேலும் ஆகும். உலகின் ஆழமான கடற்பள்ளத்தின் அடியிலும் அழுத்தம் 1,100 மடங்கு அளவே.

1916இல் மார்ட்டின் என்னும் ஆங்கிலேயர், ஒன்றன்மேல் ஒன்று உருண்டு வழுக்கும் பல்லுருளிகளின் பற்களுக்கு இடையே எண்ணெய் ஏடு எவ்வளவு தடிப்பில் நிற்கும் என்று கணக்கிட்டார். பல்லுருளி என்பது பட்டறையார் கியர் என்பது. வந்த விடை ஏமாற்றந் தந்தது. எஃகுப் பரப்பின் மேடுபள்ளங்களினும் மெல்லிதாய் இருந்தது அவ் ஏடு. கணக்கின்படி அங்கு உயவு என ஒன்று இருத்தல் இயலாது. ஆனால் பட்டறை வேறு சொல்லிற்று. நெடுங்காலம் ஓடிய பற்களின்மேல், அவற்றை வெட்டிய கருவியின் கீற்றுகள் அழியாமல் இருந்தன. மாழை மாழையைத் தீண்டியிருந்தால் அக் கீற்றுகள் எஞ்சியிரா. கணக்கு இல்லையென்றது, கண் உண்டென்றது.

பிழை கணக்கின் செய்கையில் இல்லை. அதன் கொள்கையில் இருந்தது. மார்ட்டின் இரண்டு கொள்கைகளை முன்வைத்துக்கொண்டார். எஃகு சிறிதும் நெகிழாது என்பது ஒன்று. எண்ணெயின் பாகுநிலை எவ்வழுத்தத்திலும் மாறாது என்பது மற்றொன்று. இரண்டும் ஈண்டுப் பொருந்தா. அழுத்தம் ஏற ஏறப் பாகுநிலை மடங்குமேல் மடங்காய் ஏறும் என்பதை அமெரிக்கராகிய கார்ல் பாரசு 1893இலேயே காட்டியிருந்தார். இவ் விரண்டையும் ஒருங்கு சேர்த்த வழியை உருசியாவில் எர்தல் 1939இல் தொடங்கினார். 1949இல் குரூபின் பெயரால் அது விரிந்து வெளிப்பட்டது. 1959இல் இங்கிலாந்தின் தௌசனும் இக்கின்சனும் அக் கணக்கை முழுமையாகத் தீர்த்தனர்.

அவர்கள் கண்ட உண்மை வியக்கத்தக்கது. குண்டு உருண்டு வந்து எண்ணெயை அமுக்குகின்றது. பிதுங்கி ஓடுதற்கு எண்ணெய்க்குக் கிடைக்கும் பொழுது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அதற்குள் அது அழுத்தத்தால் இறுகிப் பன்னூறாயிரம் மடங்கு பாகாகி, நீர்மம் என்று சொல்லவொண்ணாத நிலையை எய்துகின்றது. அதே நொடியில் எஃகும் சிறிது நெகிழ்ந்து அதற்கு இடந்தருகின்றது. அழுத்தம் நீங்கியதும் எஃகும் மீள்கின்றது. எண்ணெயும் பழையபடி நீராய் ஓடுகின்றது. அவ் ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்காக்கியதில் ஒரு பங்கு முதல் ஆயிரம் பங்காக்கியதில் ஒரு பங்கு வரையே. நம் தலைமயிரை நூறாய்ப் பிளந்தால் ஒரு கூறு இருக்குமே, அத்துணை மெல்லியது. 1963இல் இலண்டனில் கோகரும் கேமரனும் கண்ணாடித் தட்டின்மேல் எஃகுக் குண்டை உருட்டி, இடைப்பட்ட எண்ணெய் ஏட்டில் தோன்றிய ஒளிப்பட்டைகளின் நிறங்கொண்டு அதன் தடிப்பை அளந்தனர். கணக்குச் சொன்னதைக் கண் கண்டது.

இன்னுமோர் உண்மை. சுமையை இரட்டித்தால் அவ் ஏடு நூற்றுக்குப் பத்துப் பங்கும் மெலிவதில்லை. விரைவை இரட்டித்தாலோ நூற்றுக்கு 60 பங்கு அளவு தடிக்கின்றது. அதனை வளர்ப்பதில் ஓட்டத்திற்கு உள்ள வலிமை, அதனைக் கெடுப்பதில் சுமைக்கு இல்லை.

என் மாணவனின் தாங்கி கொதித்ததன் கரணியமும் இதனால் விளங்கிற்று. குண்டைக் காப்பது மயிரின் நூற்றில் ஒரு கூறாகிய ஏடு. எஞ்சிய மசகு அதற்குச் சிறுகச் சிறுக எண்ணெய் ஊட்டும் இருப்பு மட்டுமே. இடமெல்லாம் மசகை அடைத்தால் குண்டுகள் சேற்றில் உழும் மாடுகள்போல் அதனை ஓயாது கலக்கி உழலும். அக் கலக்கமே வெப்பமாகும். இதனைச் சொன்னவுடன், “அப்படியென்றால் உயவே தடையாகிவிடுகிறது, ஐயா!” என்றான் அவன். மனப்பாடம் செய்த ஆங்கிலச் சொல் தராத விளக்கம் ஒரு மாலைப் பொழுதில் தமிழால் வந்தது.

பெயரிட்டவர் எவர்?

“இவையெல்லாம் வெள்ளையர் கண்டவை, அவர்தம் சொல்லாற்றான் சொல்லல் வேண்டும்” என்பர் சிலர். அச் சொல் யாங்கிருந்து வந்தது என்று அவர் எண்ணிப் பார்த்தாரா?

உராய்வு, தேய்வு, உயவு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆயும் துறைக்கு 1966 வரை ஆங்கிலத்தில் ஒரு பெயரே இல்லை. அவ் வாண்டில் பீட்டர் யோசுட்டு என்பார் தலைமையிலான குழு பிரித்தானிய அரசிற்கு ஓர் அறிக்கை தந்தது. உயவைச் செவ்வையாகக் கற்றுச் செய்தால் அந் நாட்டிற்கு ஆண்டொன்றுக்கு 51½ கோடி பவுன் எஞ்சும் என்று அது கணக்கிட்டது. அவ் வறிக்கைக்காகவே, உரசுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ‘திரைபாலசி’ என்னும் பெயரைப் புதிதாய்ப் படைத்தனர். தேவை வந்தபோது ஆங்கிலேயர் சொல்லைப் படைத்துக்கொண்டனர். நாம் படைத்தால் மட்டும் நகைப்பா? நாம் கிரேக்கத்திற்கும் போகவேண்டுவதில்லை. உராய்வும் தேய்வும் உயவும் நம் வீட்டிலேயே உள்ளன.

செருமானியர் உருள்தாங்கியை ‘வெல்ட்சுலாகர்’ என்பர். உருளுதலைக் குறிக்கும் சொல்லும் தாங்குமிடத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது அது. நாம் உருள்தாங்கி என்பதும் அதுவே. சப்பானியர் வழங்கும் ‘சிக்கு உக்கே’ என்பதற்கு அச்சை ஏற்பது என்று பொருள். 1907இல் சுவீடனில் சுவென் விங்குவிசுட்டு தொடங்கிய தொழிற்சாலையின் மூன்றெழுத்துப் பெயரை நம் பட்டறைகளில் அறியாதார் இல்லை. எசு.கே.எப். என்னும் அவ் வெழுத்துகளின் விரிவு யாது? ‘சுவீடியக் குண்டுத்தாங்கித் தொழிற்சாலை’ என்பதே. அதுவும் சுவீடிய மொழியில்! ஒரு கோடி மக்கள் அளவே வாழும் நாடு தன் மொழியிற் பெயரிட்டு உலகெங்கும் தாங்கி விற்கின்றது. அதனை வாங்கிப் பூட்டும் நாம் ‘குண்டுத்தாங்கி’ என்று சொல்ல நாணுகின்றோம்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகின்றது என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அதனைக் குறைப்பவர் கணக்குப் போடும் அறிஞர் மட்டுமல்லர். மசகை அளந்து வைக்கும் கைகளும் அதனைக் குறைக்கின்றன. கோவையிலும் ஓசூரிலும் சென்னையிலும் அக் கைகள் தமிழ் பேசும் கைகள்.

1916 என்னும் ஆண்டு

மார்ட்டின் கணக்கு வெளிவந்த 1916ஆம் ஆண்டே மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தோன்றிய ஆண்டுமாகும். இரண்டற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும், தமிழ் அறிவியலைத் தாங்காது என்பாரின் கணக்கு மார்ட்டின் கணக்கையே எனக்கு நினைவூட்டுகின்றது. தமிழ் நெகிழாது என்பது அவர்தம் முதற்கொள்கை. தமிழ்ச்சொல் பழம்பொருளைவிட்டு அசையாது என்பது இரண்டாவது கொள்கை. இவ் விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ‘இயலாது’ என்ற விடை வரத்தான் செய்யும்.

ஒப்புமை ஒன்றே மெய்ப்பிப்பாகாது என்பதை அறிவேன். ஆகலின் கண்ணாற் கண்டதைச் சொல்கின்றேன். அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், உபந்நியாசம் சொற்பொழிவாயிற்று. பேருந்தும் மிதிவண்டியும் தொலைக்காட்சியும் கணினியும் நம் வாழ்வில் வந்தபோது தமிழ் பெயர் தந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இல் கட்டடப் பொறியியலும் பொறியியந்திரப் பாடமும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அழுத்தம் வந்த இடத்தில் நம் மொழி இறுகி நின்றது. நெகிழவேண்டிய இடத்தில் நெகிழ்ந்தது. பல்லின் கீற்று அழியவில்லை.

இனி நம்மவர் குறையையும் மறையாமல் உரைக்கின்றேன், சுடுமாயினும் பொறுத்தருள்க.

முதலாவது குறை: நாம் சொற்களைப் படைக்கின்றோம், ஓட்டுவதில்லை. கலைச்சொற் பட்டியல்களும் அகரமுதலிகளும் நூலக அறைகளில் அடுக்கி வைத்தபடி கிடக்கின்றன. நின்ற பொறியில் ஏடு இல்லை என்று கண்டோம். வாயிலும் கையிலும் ஓடாத சொல்லும் அத்தகையதே. சுமை மிகுதியென்று புலம்புகின்றோம். நம் குறை சுமையன்று, ஓட்டமின்மை.

இரண்டாவது குறை: தேவைக்கு மிஞ்சிய பாகு. பெர்லினில் சுதிரிபெக்கு என்பார் 1902இல் காட்டியபடி, உராய்வு ஓர் அளவுவரை குறைந்து, அதன்பின் மீண்டும் ஏறும். எண்ணெய் மிகத் தடித்தால் அதனைக் கலக்குவதே தனிவேலையாகும். நாவில் உருளாத ஏழெட்டு அசைச் சொற்களைக் கட்டித் தொழிலாளியிடம் நீட்டினால், அவன் ‘பேரிங்கு’ என்று ஓடிவிடுவதில் வியப்பென்ன? ‘மசகு’ என்னும் சொல் வண்டிக்காரன் வாயில் இருக்க, அதற்குப் புதுச்சொல் கட்டுவது நம் அறியாமை.

மூன்றாவது குறை: மணல். ஏட்டின் தடிப்பினும் பெரிய துகள் ஒன்று எண்ணெயில் விழுந்தால் அது பரப்பைக் குத்திப் பள்ளமாக்கும். அப் பள்ளத்திலிருந்து வெடிப்புத் தொடங்கும். “கிரீசை அப்ளை பண்ணி பேரிங்கை பிட் பண்ணு” என்பது தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. அது மணல். அதனைக் கேட்கும் இளைஞன் எம்மொழியிலும் எண்ணக் கற்பதில்லை.

செய்யவேண்டியவை மூன்று. தமிழகத்தில் விற்கும் ஒவ்வொரு பொறியோடும் அதனைப் பேணும் முறை தமிழில் எழுதித் தரப்படல் வேண்டும். அரசு இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டும். தொழிற்பயிற்சிக் கூடங்களில் கருவியைக் கையிற் கொடுத்து, அதன் செயலைத் தமிழில் விளக்கி, அதன்பின் ஆங்கிலப் பெயரையும் உடன் கற்பித்தல் வேண்டும். ஆங்கில நூலைப் படிக்கவேண்டா என்று எவருஞ் சொல்லவில்லை. தமிழில் விளங்கியவன் ஆங்கில நூலையும் விரைந்து கற்பான். மூன்றாவது நம் கடன். இவ் விதழைப் படிக்கும் புலவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பட்டறைக்கு ஒருநாள் செல்க. கொல்லரும் தச்சரும் பொறிவினைஞரும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்க. குடம், கடையாணி, ஆரக்கால், வட்டை, மசகு என அங்குள்ள சொல்லை எடுத்தபின், இல்லாத சொல்லைப் படைப்போம்.

திங்கள் சில கழித்து அம் மாணவன் வேலை செய்யும் பட்டறைக்குச் சென்றிருந்தேன். அவன் மேடைக்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் அவனே எழுதியிருந்தான்: “மசகு: மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் கூடாது. மணல் விழாமல் மூடு.” புதிதாய் வந்த பையன் ஒருவன் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மசகை அளந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய கூலிக்கு இனி ஊறில்லை.

பந்தியில் என்னை மடக்கிய அன்பருக்கு யான் தரும் விடை இதுவே. பட்டறை தமிழில் நடக்குமா என்று கேட்டீர், நடக்கின்றது, ஐயா. அதனை ஊரெங்கும் நடத்துவது நம் வேலை. நம் சொற்களை அகரமுதலியினின்று இறக்குவோம், பட்டறையில் ஓட்டுவோம். ஓடும் தமிழை எச் சுமையும் நசுக்காது!